குழாய் அடைப்புதானே... நானே பண்ணிடறேன்!

சில மாதங்களுக்கு முன் ஓர் அறுபதாம் கல்யாணத்துக்குப் போயிருந்தேன். மாடி ஹாலில் சாப்பாடு. டாக்டர் என்று தெரிந்துவிட்டால் பந்தியில்கூட நிம்மதியாகச் சாப்பிட விடமாட்டார்கள். பாயசம் வரும் நேரத்தில், எதிர் வரிசையில் இருந்த பெரியவர் ஆரம்பித்தார். வங்கி மேலாளராக இருந்து ஓய்வு பெற்றவர். நல்ல பேச்சுக்காரர்.

"ஏன் டாக்டர், பைபாஸ் பைபாஸ்னு பயமுறுத்தறாங்களே, அதுல என்ன பெரிய கம்ப சூத்திரம் இருக்கு? குழாய்ல அடைப்பு. பக்கத்துலயே இன்னொரு குழாயைப் போட்டுத் திருப்பி விடறாங்க. எங்க வீட்டுக்கு வர்ற பிளம்பர் அரை நாள்ல இதை முடிச்சுட்டு டீ காசும் வாங்கிட்டுப் போயிடுவார்!"

பந்தியே சிரித்தது. உடனே அவருடைய அக்கா மகன், "மாமா, நீங்க படுங்க. ஸ்பேனரை நான் எடுத்துட்டு வரேன்" என்றான். இன்னொரு குரல், "தையல் வேலையை எங்க சித்திகிட்ட விட்டுடுங்க. முப்பது வருஷமா ஜாக்கெட் தைக்கிறாங்க!" என்றது. மயக்க மருந்துக்கு ஆள் வேண்டுமே? "எங்க மாப்பிள்ளையைப் பாடச் சொல்லுங்க, போதும்" என்றார் ஒரு மாமியார். வடை வந்து சேர்வதற்குள் ஒரு முழு ஆபரேஷன் தியேட்டரே தயாராகிவிட்டது.

நானும்தான் சிரித்தேன். இதில் தப்பு ஒன்றும் இல்லை. குடலிறக்க ஆபரேஷனைப் பற்றி யாரும் பந்தியில் ஜோக் அடிப்பதில்லை, கவனித்திருக்கிறீர்களா? எது பயமுறுத்துகிறதோ அதைத்தான் கேலி செய்கிறோம்.

ஆனால் இரண்டு விஷயங்கள் என் கண்ணில் பட்டன. மாடிக்கு வரும்போது அந்தப் பெரியவர் பாதிப் படியில் நின்றார். அலங்காரத்தைப் பார்ப்பதுபோல நின்றார். ஆனால் அந்த இடத்தில் அலங்காரம் எதுவும் இல்லை! இன்னொன்று, பந்தியில் எல்லோரும் சிரித்தபோது சிரிக்காமல் இருந்தவர் ஒரே ஒருவர்தான். அவருடைய மனைவி. அதற்குப் பிறகு வருகிறேன். முதலில் பிளம்பர் கதையை முடித்துவிடுவோம்.

மோட்டாரை நிறுத்தாமல் மோட்டார் ரிப்பேர்

பெரியவர் சொன்ன உதாரணம் முழுக்கத் தவறு என்று சொல்ல மாட்டேன். நாங்களே நோயாளிகளுக்கு விளக்கும்போது குழாய், அடைப்பு என்றுதான் சொல்கிறோம். ஆனால் உங்கள் வீட்டு பிளம்பர் வந்தவுடன் முதலில் என்ன செய்கிறார்? மாடிக்குப் போய் டேங்க் வால்வை மூடுகிறார். அதற்குப் பிறகு அவர் டீ குடித்துவிட்டு வந்தாலும் குடி முழுகிப்போகாது.

இதயத்தில் அந்த வால்வை மூட முடியாது. மூடினால் மூளைக்கு ரத்தம் போகாது. ரத்தம் போகாவிட்டால் நாலு முதல் ஆறு நிமிஷத்துக்குள் மூளை செல்கள் கெட்டுப்போக ஆரம்பித்துவிடும். மூடாமல் விட்டாலோ, துள்ளிக்கொண்டே இருக்கும் ஒரு சதைப் பந்தின்மேல் தையல் போட வேண்டும். 1896-ல் ஜெர்மனியில் பிராங்க்ஃபர்ட் நகரத்தில் லுட்விக் ரேன் என்ற டாக்டர், கத்திக்குத்துப் பட்ட ஓர் இளைஞனின் இதயத்தில் அப்படித்தான் தையல் போட்டார். ஒவ்வொரு துடிப்புக்கும் நடுவில் இதயம் ஓய்கிற அந்தக் கணத்தில் ஊசியைச் செலுத்தினார். இளைஞன் பிழைத்தான். ஆனால் அது வெளிக்காயம். இதயத்தைத் திறந்து உள்ளே வேலை பார்ப்பதற்கு உலகம் இன்னும் அரை நூற்றாண்டுக்கு மேல் காத்திருக்க வேண்டியிருந்தது.

ஜான் கிப்பன் என்ற அமெரிக்க டாக்டர் இருபது வருஷத்துக்கு மேல் ஒரே ஒரு இயந்திரத்தோடு மல்லாடினார். உடம்பிலிருந்து வரும் கெட்ட ரத்தத்தை வாங்கி, ஆக்ஸிஜன் ஏற்றி, திரும்ப உடம்புக்கே தள்ளும் இயந்திரம். 1953 மே மாதம் பிலடெல்பியாவில், பதினெட்டு வயதுப் பெண் ஒருத்தியின் இதயத்துக்குள் இருந்த ஓட்டையை, அந்த இயந்திரத்தை ஓடவிட்டுக்கொண்டு அடைத்தார். அடுத்த வருஷமே மின்னசோட்டாவில் லில்லஹை என்ற டாக்டர், இயந்திரமே இல்லாமல் வேறொரு வழி பார்த்தார். குழந்தைக்கு ஆபரேஷன் நடக்கும்போது, பக்கத்துக் கட்டிலில் அப்பாவைப் படுக்க வைத்து, இரண்டு பேருடைய ரத்தக்குழாய்களையும் இணைத்துவிட்டார். அப்பாவின் இதயமும் நுரையீரலும் குழந்தைக்காகவும் சேர்த்து வேலை செய்தன. ஒரே ஆபரேஷனில் இரண்டு உயிரும் போகக்கூடிய ஆபத்து. அது தெரிந்தும் பெற்றோர்கள் படுத்தார்கள்.

கடுகு அளவு வாய்

இன்றைய பைபாஸ் எப்படி நடக்கிறது? நெஞ்சு எலும்பை நடுவில் ரம்பத்தால் நீளவாக்கில் அறுத்துப் பிரிக்கிறார்கள். இன்னொருவர் அதே நேரத்தில் காலிலிருந்து நீளமான சிரை ஒன்றை எடுத்துக்கொண்டிருப்பார். நெஞ்சின் உள்சுவரில் ஓடும் தமனி ஒன்றையும் பிரித்து எடுப்பார்கள். ரத்தம் உறையாமல் இருக்க ஹெப்பாரின் போடுகிறார்கள். பிறகு ரத்தத்தை இயந்திரத்துக்குத் திருப்பி விட்டு, பொட்டாசியம் கலந்த திரவத்தை, பெரும்பாலும் குளிர வைத்து, இதயத்துக்குள் செலுத்துகிறார்கள். பிறந்த நாளிலிருந்து ஒருநாள்கூட லீவு எடுக்காத இதயம் அப்போது நிற்கிறது. (இயந்திரம் வைக்காமல், துடிக்கும் இதயத்திலேயே செய்யும் பைபாஸும் நம் நாட்டில் நிறைய நடக்கிறது. ஒட்ட வேண்டிய இடத்தை மட்டும் அசையாமல் பிடித்துக்கொள்ள ஒரு கருவி உண்டு.)

அப்புறம்தான் தையல். ஜாக்கெட் தைக்கும் சித்தி இதைக் கொஞ்சம் கவனிக்க வேண்டும். இதயத்தின் மேல் ஓடும் ரத்தக்குழாயின் வாய் கிட்டத்தட்ட ஒரு கடுகு அளவுதான் இருக்கும். நூல் தலைமுடி கனம். கண்ணில் பூதக்கண்ணாடி மாட்டிக்கொண்டு, அந்தக் கடுகு வாயைச் சுற்றிச் சுமார் பத்துப் பன்னிரண்டு தையல். கொஞ்சம் தளர்ந்தால் ரத்தம் கசியும். கொஞ்சம் இறுகினால் புதுக் குழாயே அடைத்துக்கொள்ளும். ஜாக்கெட் என்றால் பிரித்துத் தைக்கலாம். இங்கே பிரிக்கப் பிரிக்கக் குழாய் கிழியும்!

இப்படிக் கால் சிரையை எடுத்துப் போடும் பைபாஸை 1967-ல் அமெரிக்காவின் கிளீவ்லண்டில் செய்து காட்டி நிலைநிறுத்தியவர் அர்ஜென்டினா நாட்டு டாக்டர் ரெனே ஃபவலோரோ. எட்டே வருஷத்தில், 1975-ல், இந்தியாவின் முதல் பைபாஸ் நம் சென்னை பெரம்பூர் ரயில்வே மருத்துவமனையில் நடந்தது. செய்தவர் டாக்டர் கே.எம். செரியன்.

தையல் முடிந்ததும் இதயத்துக்கு ரத்தத்தைத் திரும்ப விடுகிறார்கள். சில இதயங்கள் தானாகவே துடிக்க ஆரம்பிக்கும். சிலவற்றைக் கொஞ்சம் மின்சாரம் கொடுத்து எழுப்ப வேண்டியிருக்கும். அந்தச் சில வினாடிகளில் தியேட்டரில் யாரும் பேச மாட்டார்கள். எத்தனை ஆபரேஷன் பார்த்த சர்ஜனாக இருந்தாலும் கண் மானிட்டரில்தான் இருக்கும்.

பட்டம் இல்லாத கைகள்

அந்த அக்கா மகன் சாமான்யப்பட்டவன் அல்ல. கை கழுவும் இடத்தில் என்னைப் பிடித்துக்கொண்டான். "டாக்டர், மெடிக்கல் காலேஜ் பக்கமே போகாத ஒருத்தர் ஹார்ட் ஆபரேஷன் கத்துக்குடுத்தாராமே. இங்கிலீஷ் படத்துல பார்த்தேன். அப்ப நாங்க ஏன் பண்ணக் கூடாது?"

அவன் சொன்னது உண்மைதான். அவர் பெயர் விவியன் தாமஸ். அமெரிக்கக் கறுப்பினத்தவர். தச்சு வேலை தெரிந்தவர். டாக்டராக வேண்டும் என்று சேர்த்து வைத்திருந்த பணம், 1930-களின் பொருளாதார வீழ்ச்சியில் வங்கியோடு போய்விட்டது. பிளேலாக் என்ற டாக்டரின் ஆராய்ச்சிக் கூடத்தில் எடுபிடியாகச் சேர்ந்தார். செய்ததெல்லாம் விஞ்ஞானி வேலை. சம்பளப் பட்டியலில் எழுதியிருந்தது துப்புரவுப் பணியாளர் என்று!

பிறவிக் கோளாறால் உடம்பு நீலம் பாய்ந்து இறந்துபோகும் குழந்தைகளைக் காப்பாற்ற வழி தேடினார்கள். நாய்களுக்கு ஆபரேஷன் செய்து செய்து அந்த முறையை உருவாக்கியது பெரும்பாலும் தாமஸின் கைகள்தான். 1944 நவம்பரில் ஜான்ஸ் ஹாப்கின்ஸ் மருத்துவமனையில் முதல் குழந்தைக்கு ஆபரேஷன் நடந்தபோது, கத்தி பிளேலாக் கையில் இருந்தது. அவருக்குப் பின்னால் ஒரு முக்காலி மேல் ஏறி நின்று, தோளுக்கு மேல் எட்டிப் பார்த்து, அடுத்தது என்ன என்று சொல்லிக்கொடுத்தவர் தாமஸ்.

"பாத்தீங்களா!" என்றான் பையன்.

"தம்பி, அவர் அந்த முக்காலியில ஏறினது வேலைக்குச் சேர்ந்து பதினாலு வருஷம் கழிச்சு" என்றேன். நம் ஊரிலும் கணக்கு அப்படித்தான். எம்.பி.பி.எஸ். ஐந்தரை வருஷம், எம்.எஸ். மூன்று வருஷம், அதற்கு மேல் இதய அறுவை சிகிச்சைக்கு எம்.சிஎச். மூன்று வருஷம். தாமஸுக்குப் பட்டம் இல்லை. பயிற்சி இருந்தது.

மாமா வீட்டு ஸ்பேனர் கதையும் இதுவும் ஒன்றல்ல. ஆனால் அந்தப் பையனுக்கு இன்னொரு கதையும் சொன்னேன். உங்களுக்கும் அதைச் சொல்லத்தான் இவ்வளவு தூரம் வந்தேன்.

நெஞ்சைத் திறக்காமல் இதயத்தைத் தொட்டவர்கள்

1960-க்கு முன்னால் ஒருவருக்கு இதயம் நின்றுபோனால் டாக்டர்கள் என்ன செய்தார்கள் தெரியுமா? நெஞ்சை அறுத்து, விலா எலும்புகளுக்கு நடுவே கையை உள்ளே விட்டு, இதயத்தைப் பிடித்துப் பிசைந்தார்கள். அதாவது, நின்ற இதயத்தைத் திரும்ப ஓட்டுவது என்றாலே அது ஓர் ஆபரேஷன். வீட்டில் விழுந்தவருக்கு வழியே இல்லை.

இதை மாற்றியதில் முக்கியமானவர் டாக்டர் அல்ல, ஓர் எலக்ட்ரிகல் என்ஜினீயர்! வில்லியம் கூவன்ஹோவன் என்று பெயர். அதே ஜான்ஸ் ஹாப்கின்ஸில், மின்சாரம் கொடுத்து இதயத்தைத் திரும்ப ஓடவைக்கும் கருவியை உருவாக்கிக்கொண்டிருந்தார். அவரிடம் வேலை பார்த்த நிக்கர்பாக்கர் என்ற மாணவர், நாய்களிடம் சோதனை செய்யும்போது ஒரு விஷயத்தைக் கவனித்தார். கனமான மின்தட்டை நெஞ்சின்மேல் வைத்து அழுத்துகிற அந்த நொடியில், மின்சாரம் கொடுக்கும் முன்பே, ரத்த அழுத்தம் லேசாக எழும்பியது. வெளியிலிருந்து அழுத்தினாலே உள்ளே ரத்தம் ஓடுகிறது!

ஜூட் என்ற சர்ஜனும் சேர்ந்துகொண்டார். 1960-ல் இருபது நோயாளிகளின் அனுபவத்தை மூவரும் மருத்துவ இதழில் வெளியிட்டார்கள். இதற்கு வேண்டியது இரண்டு கைகள் மட்டுமே, யார் வேண்டுமானாலும் எங்கே வேண்டுமானாலும் தொடங்கலாம் என்பதுதான் அவர்கள் சொன்னதன் சாரம். கூவன்ஹோவனுக்கு அப்போது வயது எழுபதுக்கு மேல்.

டாக்டரே இல்லாத உங்களுக்கும் எனக்கும் பொதுவான இதய சிகிச்சை ஒன்று உண்டு என்றால் அது இதுதான். அதற்கு ஸ்பேனரும் வேண்டாம், சித்தியின் ஊசியும் வேண்டாம்.

வீட்டில் ஒருவர் திடீரென்று சரிந்து விழுகிறார். தோளைத் தட்டிக் கூப்பிடுங்கள். பதில் இல்லை, மூச்சும் இல்லை, அல்லது மீன் வாயைத் திறப்பதுபோல எப்போதாவது ஒரு திணறல். அந்தத் திணறலைப் பார்த்து "மூச்சு இருக்கு, பயமில்லை" என்று நினைத்து ஏமாறுகிறவர்கள்தான் அதிகம். அது மூச்சு அல்ல. நாடி தேடிக்கொண்டும் உட்காராதீர்கள். பதற்றத்தில் உங்கள் நாடிதான் உங்களுக்குக் கேட்கும். ஒருவரை 108-க்குப் போன் செய்யச் சொல்லுங்கள். தனியாக இருந்தால் நீங்களே போன் போட்டு, ஸ்பீக்கரில் வைத்துப் பக்கத்தில் வைத்துக்கொள்ளுங்கள்.

அவரைக் கட்டிலில் இருந்து தரையில் மல்லாக்கக் கிடத்துங்கள். மெத்தையில் அமுக்கினால் மெத்தைதான் அமுங்கும். நெஞ்சின் நடுவில், நெஞ்செலும்பின் கீழ்ப் பாதியில் ஓர் உள்ளங்கையின் அடிப்பகுதியை வையுங்கள். அதன்மேல் இன்னொரு கை. முழங்கை மடங்காமல், உங்கள் உடம்பின் பாரத்தைக் கொடுத்து, இரண்டு அங்குலம் அமுக்குங்கள். உடனே முழுசாக விட்டுவிடுங்கள், கையை எடுக்காமல். திரும்ப அமுக்குங்கள். வினாடிக்கு இரண்டு என்று வைத்துக்கொண்டால் கணக்கு சரியாக வரும். நிமிஷத்துக்கு நூறிலிருந்து நூற்றிருபது. இரண்டு நிமிஷத்தில் கை ஓய்ந்துபோகும், ஆளை மாற்றிக்கொள்ளுங்கள். ஆம்புலன்ஸ்காரர் வந்து தோளைத் தொடும்வரை, அல்லது விழுந்தவர் அசைந்து மூச்சு விடும்வரை நிறுத்தாதீர்கள். வாயோடு வாய் வைத்து ஊதத் தெரியாது, தயக்கமாக இருக்கிறது என்றால் பெரியவர்களுக்கு இது மட்டுமே போதும். குழந்தைகளுக்கும் தண்ணீரில் மூழ்கியவர்களுக்கும் ஊதுவதும் அவசியம். அதைப் பயிற்சி வகுப்பில் கற்றுக்கொள்வதே நல்லது. செஞ்சிலுவைச் சங்கம், செயின்ட் ஜான் ஆம்புலன்ஸ் போன்ற அமைப்புகள் முதலுதவி வகுப்பு நடத்துகின்றன.

"எலும்பு உடைஞ்சுட்டா?" என்று கேட்பீர்கள். உடையலாம். வயசானவர்களுக்கு உடையத்தான் செய்யும். உடைந்த விலா எலும்பு சில வாரத்தில் கூடிவிடும். கை வைக்காமல் விட்டால் ஒவ்வொரு நிமிஷத்துக்கும் பிழைக்கும் வாய்ப்பு ஏழு முதல் பத்து சதவீதம் குறைந்துகொண்டே போகிறது. எது பெரிசு?

நம் வீடுகளில் இந்த நிமிஷங்கள் எப்படிப் போகின்றன என்று நான் பார்த்திருக்கிறேன். ஒருவர் வாயில் தண்ணீர் ஊற்றுகிறார் (ஊற்றாதீர்கள், அது நுரையீரலுக்குப் போகும்). ஒருவர் உள்ளங்காலைத் தேய்க்கிறார். ஒருவர் காரைத் துடைத்து வெளியே எடுக்கிறார். எல்லோரும் பாசத்தோடுதான் செய்கிறார்கள். நெஞ்சில் மட்டும் யாரும் கை வைப்பதில்லை.

பலமாக இருமிக்கொண்டே இருந்தால் மாரடைப்பை நீங்களே நிறுத்திவிடலாம் என்று ஒரு யோசனை வாய் வழியாகச் சுற்றிக்கொண்டிருக்கிறது. நம்பாதீர்கள். நெஞ்சு வலிக்கிறவர் செய்ய வேண்டியது உட்கார்ந்துகொண்டு 108-ஐக் கூப்பிடுவது. இதயம் நின்று விழுந்தவரால் இரும முடியாது.

வீட்டு சர்ஜன்கள்

பைபாஸை வீட்டில் யாரும் செய்யப் போவதில்லை. ஆனால் கத்தியில்லாமல் இதய சிகிச்சை செய்கிற அமெச்சூர்கள் எல்லா வீட்டிலும் இருக்கிறார்கள். "அதான் ஸ்டென்ட் வெச்சாச்சே, இன்னும் எதுக்கு இந்த ரெண்டு மாத்திரை? சூடு. நிறுத்திப் பாருங்க" என்று சொல்கிற சம்பந்தி அவர்களில் ஒருவர். ஸ்டென்ட் என்பது உலோக வலை. அதன்மேல் ரத்தம் உறையாமல் காப்பது அந்த மாத்திரைகள்தான். பாதியில் நிறுத்தினால் போட்ட ஸ்டென்டுக்குள்ளேயே ரத்தம் கட்டி முழுசாக அடைத்துவிடலாம். பல் பிடுங்குவதற்காக நிறுத்துவதாக இருந்தாலும் இதய டாக்டரைக் கேட்காமல் நிறுத்தக் கூடாது. சம்பந்தியைப் பகைத்துக்கொண்டாலும் பரவாயில்லை.

படியில் நின்றவர்

சரி, பெரியவர் விஷயத்துக்கு வருகிறேன். பந்தி முடிந்ததும் அவரைத் தனியாகக் கூப்பிட்டேன். "படியில ஏன் சார் நின்னீங்க?"

"கேஸ் டாக்டர். சோடா குடிச்சா சரியாயிடும்."

"நிக்கும்போது சோடா குடிச்சீங்களா?"

"இல்ல... நின்னதும் சரியாயிடுச்சு."

நடந்தால் வருவது, நின்றால் போவது. பக்கத்தில் வந்து நின்ற அவர் மனைவிதான் மீதியைச் சொன்னார். ஒன்றரை மாதமாக இப்படி. காய்கறிப் பையைத் தூக்கினால் தாடை வலிக்கிறது என்பாராம். இப்போதெல்லாம் குறைவான தூரத்திலேயே வருகிறதாம். "கேட்டா சிரிக்க வெச்சுடறார் டாக்டர். பிளம்பரைக் கூப்பிடுறேன்னு ஜோக் அடிக்கிறார். நானும் சிரிச்சுட்டு விட்டுடுவேன்."

வயிற்றுக் கோளாறு படி ஏறுவதைக் கணக்கு வைத்துக்கொள்ளாது. உடல் உழைப்பில் நெஞ்சிலோ தாடையிலோ இடது கையிலோ ஓர் இறுக்கம் வந்து ஓய்வில் போனால், இதயத்துக்கு ரத்தம் பற்றவில்லை என்றுதான் முதலில் சந்தேகப்பட வேண்டும். சர்க்கரை நோயாளிகளுக்கும் பெண்களுக்கும் வலியே இல்லாமல் மூச்சு வாங்குவதும் களைப்புமாகக்கூட வரலாம். உட்கார்ந்த நிலையில் எடுத்த ஈ.சி.ஜி. நார்மல் என்று வந்தால்கூட விஷயம் முடிந்துவிடாது.

அன்று சாயங்காலமே இதய டாக்டரிடம் அனுப்பி வைத்தேன். மூன்று குழாய்களில் அடைப்பு. அடுத்த வாரம் பைபாஸ்.

இரண்டு மாதம் கழித்து அவர் வீட்டுக்குப் போனேன். மெலிந்திருந்தார். வாய் மட்டும் அப்படியே இருந்தது. "டாக்டர், உங்க பிளம்பர் நல்லாத்தான் வேலை பண்ணியிருக்கார். டீ காசுதான் கொஞ்சம் ஜாஸ்தி!"

அவர் மனைவி காபி கொண்டுவந்து வைத்தார். போகாமல் அங்கேயே நின்றார். "டாக்டர், மறுபடி ஏதாவது ஆகி இவர் விழுந்துட்டா நான் என்ன பண்ணணும்? தையல் போட்ட நெஞ்சாச்சே, கை வைக்கலாமா?"

"வைக்கணும்மா. அப்பவும் இதே மாதிரிதான் அமுக்கணும்."

சோபாவில் இருந்த ஒரு தலையணையை எடுத்துத் தரையில் போட்டார். புடவைத் தலைப்பை இடுப்பில் செருகிக்கொண்டு முழங்காலிட்டார். கை வைக்கும் இடத்தைக் காட்டினேன். சுவர்க் கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டு எண்ண ஆரம்பித்தார். ஐம்பதுக்குள் வியர்த்துவிட்டது.

"போதும் விடும்மா, தலையணை செத்துடப் போகுது" என்றார் பெரியவர்.

அந்த அம்மாள் நிமிரவில்லை. நூற்றுப்பத்து வரை எண்ணிவிட்டுத்தான் கையை எடுத்தார்.